ஜெசிந்தா அத்தை வாங்காத நன்மை

ஸ்ரீராம்புரத்துச் சந்தில் யார் வீட்டில் காய்ச்சல், யார் வீட்டில் சண்டை என்பதெல்லாம் ஜெசிந்தா அத்தைக்குத்தான் முதலில் தெரியும். நர்சிங்ஹோமில் ஆயா வேலை. கல்யாணம் கட்டிக்கொள்ளவில்லை. அண்ணி செத்ததும் கைக்குழந்தையாக இருந்த சில்வெஸ்டரைத் தூக்கி வளர்த்தவள். விடியற்காலையில் மாதா கோயிலைப் பெருக்கி, பூசையில் சாமியார் நாக்கில் வைக்கிற நன்மை அப்பத்தை முதல் ஆளாக வாங்கிக்கொண்டுதான் வேலைக்குப் போவாள்.

தொண்ணூற்றொன்று டிசம்பரில் காவிரிக்காகத் தமிழர்களை அடிக்கிற கலவரம் மூண்டபோது சந்துக்காரர்கள் கோயில் ஹாலில் ஒண்டிக்கொண்டார்கள். வெளியே கர்ஃப்யூ. டயர் எரிகிற நாற்றம் ஜன்னல் வழியாக வந்துகொண்டே இருந்தது. அத்தை எல்லோருக்கும் கஞ்சி காய்ச்சி ஊற்றிக்கொண்டிருந்த மத்தியானம், சில்வெஸ்டரின் மனைவி ஃபிலோவுக்கு மாதம் நிறையாமலே வலி கண்டது. ரத்தம் நிற்கவில்லை.

"ஆஸ்பத்திரிக்குத்தான் போகணும்" என்றாள் அத்தை.

"எப்படி அத்தை? ரோட்ல தலை காட்டினாலே அடிக்கிறானுங்க" என்றான் சில்வெஸ்டர்.

"இங்கயே வச்சிருந்தா செத்துடுவாடா."

கேட்டைத் திறந்துகொண்டு போனாள். மெயின் ரோட்டில் பால் வேன் ஒன்று வந்தது. நடுரோட்டில் கையை விரித்து நின்றாள். டிரைவர் கன்னடத்தில் யாரென்று கேட்டான். அவள் பேசுகிற கன்னடத்துக்கு என்ன சொல்லியிருந்தாலும் நம்பியிருப்பான்.

"நான் தமிழ்க்காரிதான். பொய் சொல்லி ஏற மாட்டேன். உள்ளே ஒரு பொண்ணு செத்துக்கிட்டிருக்கா" என்று கன்னடத்திலேயே சொன்னாள்.

அவன் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுப் பின்கதவைத் திறந்தான். சில்வெஸ்டர் ஃபிலோவைத் தூக்கிவந்து ஏற்றித் தானும் ஏறிக்கொண்டான்.

காலிக் கிரேட்டுகளுக்கு நடுவில், ஓடுகிற வேனிலேயே குழந்தை பிறந்தது. ஆண். அழவில்லை. அத்தை அதன் வாயைத் துடைத்து ஊதினாள், முதுகைத் தேய்த்தாள், உள்ளங்காலைத் தட்டினாள். பிறகு சில்வெஸ்டரின் மடியில் கிடத்தி, பாட்டில் தண்ணீரைத் தலையில் ஊற்றி, சூசை என்று பெயரிட்டு ஞானஸ்நானம் கொடுத்தாள். ஃபிலோ நினைவில்லாமல் கிடந்தாள்.

ஃபிலோ பிழைத்தாள். ஆனால் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள்.

ஞானஸ்நானம் பெறாத குழந்தையைக் கல்லறைச் சுவரோரம், சிலுவை நடாமல் புதைப்பதுதான் அந்தப் பங்குக் கோயிலின் பழக்கம். உயிர் போனபின் ஊற்றிய தண்ணீர் ஞானஸ்நானம் ஆகாது. வயசான சாமியார் கேட்டார், "தண்ணி ஊத்தும்போது உயிர் இருந்ததா?"

"அசைஞ்சுது சாமி" என்றாள் அத்தை.

சில்வெஸ்டர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. சூசைக்குச் சிலுவை கிடைத்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் நன்மை வாங்க வரிசையில் நின்றபோது அத்தை பெஞ்சை விட்டு எழவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் எழவில்லை. வருஷங்கள் ஓடின. கோயிலைப் பெருக்கினாள், சாவு வீட்டில் ஜெபமாலை சொன்னாள், நன்மை மட்டும் வாங்கவில்லை. கேட்டவர்களிடம் உடம்பு சரியில்லை என்றாள்.

சில்வெஸ்டர் ஒருநாள் பொறுக்கமாட்டாமல், "சாமியார்கிட்ட பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ணிடேன் அத்தை, அப்புறம் நன்மை வாங்கலாமில்ல" என்றான்.

"என்னன்னு பண்றது? நான் சொன்னது பொய்னா, அந்தச் சிலுவை நான் திருடினது. பொய் இல்லன்னா எதுக்குப் பாவசங்கீர்த்தனம்? புள்ள அசைஞ்சுதா, வேன் குலுங்குச்சான்னு எனக்கே தெரியலடா. தெனம் கேக்கறேன். மாதா ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறா."

இரண்டாயிரத்து நாலில் சர்க்கரை அவள் காலை எடுத்தது, பிறகு கிட்னியையும். ஆஸ்பத்திரிக்கு நன்மை கொண்டுவந்த இளம் சாமியார் கட்டிலருகே காத்து நின்றார். அத்தை வாயைத் திறக்கவில்லை. சில்வெஸ்டரைப் பக்கத்தில் கூப்பிட்டாள்.

"உன் மடியிலதான இருந்தான். அசைஞ்சானா?"

அவன் மடியில் எதுவும் அசைந்ததாக அவனுக்கு நினைவில்லை. ஈரத்துணியின் கனம் மட்டும் இருந்தது.

"அசைஞ்சான் அத்தை. என் கையில பட்டுது."

அவனைத் தூக்கி வளர்த்தவள் அவன் கண்ணையே வெகுநேரம் பார்த்தாள். பிறகு சாமியார் பக்கம் திரும்பி வாயைத் திறந்தாள்.

ஃபிளாஸ்கில் வெந்நீரோடு வந்த ஃபிலோ, வராண்டாச் சுவரைப் பார்த்து நின்றவனிடம் கேட்டாள், "வாங்கிக்கிட்டாங்களா?"

அவனால் தலையை மட்டும்தான் அசைக்க முடிந்தது.