அருவிக்கு இரண்டாம் முறை

சாந்தினிக்கு ஊர் சுற்றும் ஆசையெல்லாம் இருந்ததில்லை. உலு திராம் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவள். கல்யாணமாகித் தம்போய்க்கு வந்தபின், விடியுமுன்பே பஸ் ஏறி, பாலம் கடந்து, சிங்கப்பூர்த் தொழிற்சாலைக்குப் போய்வந்தே பாதி ஆயுளைக் கழித்தவள். லீவு கிடைத்தால் தூங்கத்தான் தோன்றும்.

போன வருஷம் கணவர் ரூபேந்திரனுக்கு நெஞ்சைத் திறந்து ஆப்பரேஷன் நடந்தது. பிழைத்து எழுந்தவர், தன் கார் பட்டறையைத் தம்பியிடம் ஒப்படைத்தார். மகள் லோஷினி பாலித் தீவுக்கு டிக்கெட் போடுவதாகச் சொன்னாள். அவர் கேட்கவில்லை. கல்யாணமான புதிதில் மோட்டார் சைக்கிளில் போன இடங்களை மறுபடி பார்க்க வேண்டும் என்றார்.

முதலில் தேசாரு கடற்கரை, அப்புறம் குக்கூப் மீனவக் கிராமம். போன இடத்திலெல்லாம் வெகுநேரம் உட்கார்ந்திருப்பார். கிளம்பும்போது ஒருமுறை திரும்பிப் பார்ப்பார். அதைப் பார்க்கும்போதெல்லாம் சாந்தினிக்கு ஒரே எண்ணம்தான். இந்த மனுஷன் ஒவ்வொரு இடமாக வந்து விடைபெற்றுக்கொண்டிருக்கிறாரோ? கேட்காமலே அடுத்த பயணத்துக்குச் சோறு கட்டினாள்.

அடுத்து கோத்தா திங்கிப் பக்கம் ஓர் அருவி. முன்பு வந்தபோது குளித்துவிட்டு இருட்டுமுன் வீடு திரும்பும் அவசரம். இப்போதுதான் அந்த இடத்தையே பார்ப்பதுபோல் இருந்தது அவளுக்கு. ஈரப்பாறையில் வெயில் விழுந்து மினுங்கியது. இத்தனை அழகை எப்படித் தவறவிட்டோம் என்று நினைத்தாள். நினைத்ததும் ஏனோ பயமாகவும் இருந்தது. மலை உச்சியில் மேகம் கறுத்துக் கிடந்தது. கீழே ஒரு சொட்டு மழை இல்லை.

ரூபேந்திரன் முழங்கால் தண்ணீரில் நடந்துபோய் நடுப்பாறையில் உட்கார்ந்தார். கொஞ்சம் மேலே இரண்டு இளைஞர்கள் குளித்துக்கொண்டிருந்தார்கள்.

காட்டுப் பூச்சிகளின் சத்தம் நின்றுபோயிருந்ததை அவள் கவனித்தாள். தெளிந்து ஓடிய தண்ணீர் தேநீர் நிறமாயிற்று. சருகும் சுள்ளியும் மிதந்து வந்தன. கரையில் கடை போட்டிருந்த மலாய்க்கார அம்மா எழுந்து நின்று, “கெப்பாலா ஆயிர்” என்று கத்தினார். மேலே பெய்த மழை ஒரே மொத்தமாக இறங்குவதற்கு அங்கே அதுதான் பேர்.

சாந்தினி செருப்போடு இறங்கிவிட்டாள்.

“என்னங்க, எழுந்திரிங்க. தண்ணி வருது.”

“எங்க வருது? கொஞ்ச நேரம் இரு லா.”

அவள் அவர் கையைப் பிடித்து இழுத்தாள். வழுக்கி விழுந்து, எழுந்து, இருவரும் கரை ஏறியபோது மேலே லாரி கவிழ்ந்ததுபோல் ஓசை கேட்டது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் பாறை வெள்ளத்தில் மறைந்தது. இளைஞர்களில் ஒருவன் மரவேரைப் பிடித்துத் தொங்கினான். மற்றவனைக் காணோம்.

மீட்புப் படை வந்து தேடியது. போக மனமில்லாமல் இருவரும் சாயங்காலம்வரை காரில் உட்கார்ந்திருந்தார்கள். அப்போதுதான் அவள் கேட்டாள்.

“எல்லா இடத்துக்கிட்டயும் போயிட்டு வரேன்னு சொல்லிக்கிட்டுத்தானே வரீங்க?”

“ஆரம்பத்துல அப்படித்தான் நெனச்சேன்,” என்றார். “ஆனா பார்க்கப் பார்க்க விட்டுட்டுப் போக மனசு வரல சாந்தினி.”

மறுநாள் அந்தப் பையனின் உடல் ஆற்றில் வெகுதூரம் தள்ளிக் கிடைத்தது. செய்தியைப் படித்தவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, ஒரு வாரம் எங்கேயும் கிளம்பவில்லை.

அதற்கப்புறம் மெர்சிங் கடற்கரைக்குப் போனார்கள். கடல் அமைதியாகத்தான் இருந்தது. அவர் மணலில் உட்கார்ந்து அலையைப் பார்த்தார். சாந்தினி பக்கத்தில் உட்கார்ந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் சட்டை நுனியை அவள் கை விடவே இல்லை.