சதக்கின் காரும் சோணையம்மாள் கருப்பட்டியும்

தேவிபட்டினம் சதக்கை நல்ல மெக்கானிக் என்று சொல்ல எனக்குத் தயக்கம். வண்டி ஓட்டுவதில் நிதானமானவர்தான். ரிப்பேர் என்று இறங்கினால் கை கொஞ்சம் மிஞ்சிவிடும். ஆனால் தனக்கு ஒருவர் செய்ததை அவர் மறந்து நான் பார்த்ததில்லை. கீழே வரும் சம்பவத்தை அவரும் சோணையம்மாளும் தனித்தனியே சொல்லக் கேட்டிருக்கிறேன். அவர் சொன்னதில் பெருமை அந்த அம்மாளுக்கு, அந்த அம்மாள் சொன்னதில் அவருக்கு. வித்தியாசம் அவ்வளவுதான்.

சதக்கின் வாப்பா தோணிகளுக்குக் கலப்பத்து பார்த்தவர். பலகை இடுக்குகளில் பஞ்சுத் திரியும் குங்கிலியமும் வைத்து, தண்ணீர் புகாதபடி அடித்து இறுக்குகிற வேலை அது. சதக்கும் இளமையில் அதையே செய்தார். பிறகு மண்டபம் ஊரில் லாரி ஓட்டக் கற்றுக்கொண்டு, சுதந்திரம் வந்து சில வருஷங்களில் பழைய கார் ஒன்றை வாங்கி வாடகைக்கு ஓட்டினார். தொழில் மாறியது, கை மாறவில்லை. தோணியை எவ்வளவு இறுக்கினாலும் தப்பில்லை. மரம் தண்ணீரில் ஊறி உப்பி இன்னும் இறுகிக்கொள்ளும். இரும்பு உப்பாது.

பெட்ரோலில் துரு வருகிறதென்று ஒரு நாள் டாங்கியைக் கழுவினார். அடியிலிருந்த வடிகால் போல்ட்டைத் திரும்ப மாட்டும்போது, போதும் என்ற இடத்தில் நிற்காமல் இன்னும் ஓர் இழுப்பு இழுத்தார். டாங்கி வாயின் திருகு மரை தேய்ந்து வழித்துக்கொண்டது. போல்ட் என்னவோ விழாமல் நின்றது. நிற்கிறதே என்று அவரும் விட்டுவிட்டார்.

மறுநாள் காலை கமுதிப் பக்கம் ஒரு கிராமத்தில் சோணையம்மாளை ஏற்றிக்கொண்டார். விவசாயம் பார்க்கும் சம்சாரிக் குடும்பம். அந்த அம்மாளின் ஒரே மகள் உமையாள் அன்று புருஷனோடு சிலோனுக்குக் கப்பலேறப் போகிறாள். மாப்பிள்ளைக்கு வேலையில் சேரச் சொல்லித் திடீரென்று உத்தரவு வந்ததால் தாய் வீட்டுக்கு வந்து சொல்லிக்கொள்ள நேரமில்லை. மானாமதுரையில் ரயில் ஏறுகிறார்கள், நண்பகலில் ராமநாதபுரம் ஸ்டேஷனில் ரயில் கொஞ்ச நேரம் நிற்கும். அதற்குள் போனால்தான் மகள் முகத்தைப் பார்க்கலாம். சோணையம்மாள் மடியில் ஓலைப்பெட்டி நிறையக் கருப்பட்டி இருந்தது, சொந்தப் பனையில் காய்ச்சியது.

முதுகுளத்தூர் தாண்டியதும் பெட்ரோல் வாடை அடித்தது. சதக் இறங்கிப் பார்த்தார். போல்ட் விரலாலேயே சுற்றியது. ஓரத்தில் பெட்ரோல் ஒழுகியது.

"என்ன தம்பி, கழண்டு போச்சா?"

"மரை போச்சுக்கா. நேத்து நாந்தான் கூட முறுக்கிட்டேன். இருங்க, எங்க வாப்பா வேலை இருக்கு."

கார்ப் பெட்டியில் எப்போதும் கிடக்கும் திரியையும் குங்கிலியத்தையும் எடுத்துப் போல்ட்டில் சுற்றித் திணித்தார். கடலையே உள்ளே விடாத பூச்சு இந்தச் சொட்டை வெளியே விடுமா என்பது அவர் நினைப்பு. ஒழுக்கு நின்றது. கொஞ்ச தூரத்தில் வாடை மறுபடி வந்தது. இந்தத் தடவை குங்கிலியம் சளிபோல இளகி வழிந்தது. பெட்ரோல் அதைக் கரைத்துவிட்டது.

பெட்ரோல் முழுவதையும் காரில் கிடந்த தகர டின்களில் வடித்து வைத்தார். இனி என்ன செய்வதென்று தெரியவில்லை. சோணையம்மாள் இறங்கி, பெட்டியோடு ரோட்டையே பார்த்து நின்றார். எழுந்த அவசரத்தில் சதக்கின் முழங்கை பெட்டியில் இடித்தது. ஒரு கருப்பட்டி உருண்டு தகரத்துக்குள் விழுந்தது.

"ஒமக்குக் கண்ணு எங்கன இருக்கு? பிள்ளைக்குக் கொண்டுபோறதுய்யா." விரல்விட்டு எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "நல்லவேள, கரையல. கழுவிவிட்ட மாதிரி இருக்கு."

சதக் தன் கையில் வழிந்த குங்கிலியத்தைப் பார்த்தார், பிறகு கருப்பட்டியைப் பார்த்தார். நகத்தால் கீறினார். கல்லாக இருந்தது.

"அக்கா, இதை எனக்குக் குடுப்பீகளா?"

"திங்கவா?"

"டாங்கிக்கு."

சோணையம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "போல்ட்டுக்கு மட்டுந்தான் மரை கழண்டிருக்குன்னு நெனச்சேன்," என்றார். ஆனாலும் செம்புத் தண்ணீரைத் தெளித்துத் தானே அதை நசுக்கிப் பிசைந்தார். பிசைந்ததைத் திரியில் பூசி, போல்ட்டில் சுற்றி, சதக் மெதுவாகத் திருகினார். இறுக்கவில்லை. வெயிலில் அது காயும் வரை காத்திருந்தார்கள். பெட்ரோலைத் திரும்ப ஊற்றியபோது ஒரு சொட்டும் வரவில்லை.

ஸ்டேஷனில் ரயில் நின்றுகொண்டிருந்தது. சதக் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஓட, சோணையம்மாள் பின்னால் வந்தார். உமையாள் பெட்டியை வாங்கி வைத்துவிட்டு, ஜன்னலுக்கு வெளியே கை நீட்டித் தாயின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன ஆத்தா, ஒன் கையெல்லாம் கார் மணக்குது?"

"வந்த வழி அப்படி. கருப்பட்டில ஒன்னு கொறையுது, எண்ணிப் பார்த்துட்டு என்னைய வையாத."

அதற்கு மேல் பேச நேரமில்லை. ரயில் நகர்ந்தது. கை விடுபடும் மட்டும் சோணையம்மாள் கூடவே நடந்தார்.

டாங்கியைப் பிறகு சரிசெய்தவர் ராமநாதபுரத்துப் பாத்திரப் பட்டறை பூமிநாதன். போல்ட்டைக் கழற்ற அவர் வெந்நீர் ஊற்ற வேண்டியிருந்தது. "ஏலே சதக்கு, டாங்கிக்குச் சீர் செஞ்சியா?" என்று கேட்டார். வாடை போகும்வரை டாங்கியை அலசி, கவிழ்த்து, தீப்பிடிக்காமலிருக்கத் தண்ணீர் நிரப்பி, ஓட்டையை அகலமாக்கினார். உட்புறம் மரை வெட்டிய பித்தளை வளையம் ஒன்றை அதில் பொருத்தி ஈயம் வைத்துப் பற்றவைத்தார். "கையால திருகு, ஸ்பேனர்ல லேசா ஒரு தொடு. அதுக்கு மேல தொட்டா என்கிட்ட வராத." பிறகு கார் இருந்த மட்டும் அந்த இடம் ஒழுகவில்லை.

வேலை முடிந்ததும் சதக் காரை எடுத்துக்கொண்டு நேரே கமுதிப் பக்கம் போனார். அன்று சவாரி ஏதும் கிடையாது. நோயில் கிடந்தவர் எழுந்து நடமாடுகிறார் என்று உறவுக்காரரிடம் சொல்வதுபோல, டாங்கி நன்றாகிவிட்டதென்று சோணையம்மாளிடம் சொன்னார். அந்த அம்மாளும் வெளியே வந்து, குனிந்து, பித்தளையைத் தடவிப் பார்த்தார்.

"பிள்ளை முகத்தைக் காட்டுன வண்டி," என்றார். "இனிமே கருப்பட்டி வேணாமாக்கும்?"

"டாங்கிக்கு வேணாம்," என்றார் சதக். "எனக்கு ஒரு காப்பி வேணும்க்கா."