தண்ணீருக்கு மேலே ஓடிய கப்பல்

அவளுக்கு உட்கார்ந்து சாப்பிடவே வராது. தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு அடுக்களைக்கும் வாசலுக்கும் நடப்பாள். துறைமுகத்தில் அவளைக் காத்தாடி என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் ஒரே இடத்தில் அசையாமல் நின்றதைப் பார்த்தவர்கள், முன்பு அங்கே ஓடிய ஒரு சோதனைக் கப்பலில் அவளோடு வேலை செய்தவர்கள் மட்டும்தான்.

அந்தக் கப்பலுக்கு அடியில் இறக்கை மாதிரி எஃகுத் தகடுகள் இருந்தன. வேகம் பிடித்ததும் அவை கப்பலின் உடம்பையே தண்ணீருக்கு மேலே தூக்கிவிடும். சுக்கான் பிடித்தவள் அவள்தான். எழும்பும்வரை பல்லெல்லாம் கிடுகிடுக்கும். எழும்பிவிட்டாலோ சட்டென்று எல்லாம் அடங்கும். அலைகள் கீழே எங்கேயோ ஓட, அவளுக்கு மூச்சு சீராகும். அப்படியொரு நிம்மதி அவளுக்கு வேறெங்கும் வாய்த்ததில்லை.

ஆனால் இறக்கைகளில் விரிசல் விழுந்துகொண்டே இருந்தது. எண்ணெயையும் கப்பல் மடக்மடக்கென்று குடித்தது. ஒருநாள் மேலதிகாரிகள் வந்து கைகுலுக்கி, சோதனை முடிந்தது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். கப்பலைக் கழிமுகத்துக்குள் ஓரமாகக் கட்டிப்போட்டார்கள்.

அதன்பிறகு அவள் எந்த வேலையிலும் ஒட்டவில்லை. அக்கரைக்கும் இக்கரைக்கும் போகும் படகை ஓட்டினாள். "செக்குமாட்டுப் பொழப்பு" என்று விட்டுவிட்டாள். கிரேன் ஓட்டப் போனாள். மேஸ்திரியோடு சண்டை போட்டுக்கொண்டு இறங்கி வந்தாள். ரொட்டிக்கடை வைத்திருந்த கணவருக்கு மாவு பிசையும் கை மட்டும் கொஞ்சம் அழுத்தமாகும்.

கப்பலை ஏலத்தில் எடுத்த பழைய இரும்பு வியாபாரி ஒருநாள் கடைக்கே வந்தான்.

"அக்கா, உடைக்கிற இடத்துக்கு அதை இழுத்துட்டுப் போகணும். இழுவைப் படகு இருக்கு. பின்னாடி சுக்கானைப் பிடிக்கத்தான் ஆளில்ல. அதோட குணம் உங்களுக்குத்தானே தெரியும்?"

"போகாதே," என்றார் கணவர். "பார்த்துட்டு வந்தா ஒரு மாசத்துக்கு வீட்ல இருப்புக் கொள்ளாது உனக்கு."

"போகலைன்னா மட்டும் கொள்ளுமா?" என்றபடி அவள் செருப்பைத் தேடினாள்.

இழுபட்டுப் போன கப்பல் இப்படியும் அப்படியும் புரண்டது. எந்த வேகத்துக்கும் அசராதவள், அந்த மெதுவான ஆட்டத்தில் குமட்டி, கம்பியைப் பிடித்துக்கொண்டு வாந்தியெடுத்தாள். கழிமுகத்தின் வாயை நெருங்கும்போது இறக்கைகள் சேற்றில் செருகிக்கொண்டன. இழுவைப் படகு உறுமியது. கயிறு விறைத்து முனகியது.

"நிறுத்துங்க! கயிறு அறுந்தா ஆளைக் கொன்னுரும்!" என்று அவள் கத்தினாள்.

நீர் வற்றிக்கொண்டிருந்தது. வியாபாரி சின்னப் படகில் வந்து சேர்ந்தான். "இறக்கையை இங்கயே வெட்டிட வேண்டியதுதான். தண்ணி ஏறினா உடம்பு தானா மிதக்கும். நீங்க வீட்டுக்குப் போங்கக்கா. எதுக்கு இதையெல்லாம் பார்த்துக்கிட்டு?"

அவள் முழங்கால் சேற்றில் இறங்கி இறக்கைக்குப் பக்கத்தில் போனாள். பாசியும் சிப்பியும் மண்டிக் கிடந்தன. இவ்வளவு காலம் தன்னைத் தூக்கிச் சுமந்ததை அன்றுதான் அவள் தொட்டுப் பார்த்தாள். வெட்ட வந்தவர்கள் தயங்கி நின்றார்கள்.

"என்ன பார்த்துக்கிட்டு நிக்கிறீங்க? வெட்டுங்க," என்றாள். குரல் உடைந்தது. யாரும் கேட்டுவிடக் கூடாதென்று இருமினாள்.

நீர் ஏறியது. இறக்கைகளைச் சேற்றிலேயே விட்டுவிட்டு வெற்றுடம்பு மிதந்தது. கரை சேரும்வரை அவள் சுக்கானை விடவில்லை.

கப்பலின் உடம்பு நல்ல உறுதியாக இருந்ததால் வியாபாரிக்கு அதை உடைக்க மனம் வரவில்லை. கரையில் ஏற்றிக் கதவு வைத்து, பெயிண்ட் டின்கள் அடுக்கும் கிடங்காக்கிவிட்டான். வந்து பார்க்கச் சொல்லி அவளுக்கு ஆள்மேல் ஆள் அனுப்பினான். ஒருநாள் போனாள். சுக்கான் இருந்த இடத்தில் டின்கள் கூரைவரை நின்றன.

"மழைக்கு ஒழுகுதா தம்பி?"

"சொட்டுத் தண்ணி வராதுக்கா. உட்காருங்க, டீ சொல்லியிருக்கேன்."

"இன்னொரு நாள் குடிக்கிறேன்."

டீ வந்தபோது அவள் தெருமுனையைத் தாண்டியிருந்தாள். அந்தச் சமயம் அவள் ஆஸ்பத்திரியில் ஆம்புலன்ஸ் ஓட்டச் சேர்ந்திருந்தாள். அன்று மாலை வேலைக்குக் கிளம்பும்போது, "இதுலயாவது நிலைப்பியா?" என்று கணவர் கேட்டார்.

"தெரியலையே," என்றாள் அவள். ஒரு ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டே படியிறங்கினாள்.