ஓடை வழியே தேடிப் போனவர்

செல்லப்பாண்டி சாரின் மறைவுச் செய்தி வந்தபோது நான் ஆரப்பாளையம் பேருந்து நிலையத்தில் நின்றுகொண்டிருந்தேன். அழைத்தது என் கணவர் சாமுவேல். அவர் பகலில் அழைப்பவரே அல்ல. திரையில் பெயரைப் பார்த்ததுமே மகளுக்கு என்னவோ ஏதோ என்று பதறினேன். “சொல்லித் தொலைங்களேன்” என்று கத்திய பிறகுதான் குரல் வந்தது. “செல்லப்பாண்டி போயிட்டான்டி. வாக்கிங் போயிட்டு வந்து சேர்ல உட்கார்ந்தவன் எந்திரிக்கவே இல்ல.” என் பிள்ளைக்கு ஒன்றும் இல்லை என்று ஒரு கணம் மூச்சு விட்டேன். அடுத்த கணம் அந்த நிம்மதியை நினைத்து அங்கேயே அழுதேன்.

பசுமலைப் பள்ளியில் அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு சாரின் குரல் நினைவிருக்கும். அவர் புவியியல் நடத்திய வகுப்புக்கும் நான் தமிழ் நடத்திய வகுப்புக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்பு மட்டும்தான். நான் செய்யுளை விளக்கிக்கொண்டிருப்பேன். அந்தப் பக்கம் பனியாறு உருகி ஓடிக்கொண்டிருக்கும். எழுமலைப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பிள்ளை அவர்; சாமுவேலும் அதே ஊர்தான், சின்ன வயதிலிருந்தே இருவரும் கூட்டாளிகள். வைகையில் தண்ணீர் வந்தாலே வேடிக்கை பார்க்க ஓடும் எங்கள் பிள்ளைகளுக்கு பனிப் பள்ளத்தாக்கைப் புரியவைக்க அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஒருநாள் ஆசிரியர் அறையில் சாக்பீஸ் தூசியைத் தட்டிக்கொண்டே சொன்னார்: “வருசா வருசம் போர்டுல வரையுறேன் டீச்சர். ஒருக்காகூட கண்ணால பாத்ததில்ல. பாக்காமலே ரிட்டயர் ஆனா அது பொய் சொன்ன மாதிரி.”

அப்படித்தான் ஒரு கோடை விடுமுறை முடிவில் சாரும் சாமுவேலும் நானும் இமாசலத்துக்குக் கிளம்பினோம். அவருடைய மனைவி குளிர் ஆகாது என்று ஒதுங்கிக்கொண்டார். நான் போனதற்கு ஒரே காரணம், சாமுவேலைத் தனியாக அனுப்பப் பயம். கூடப் போவதற்கும் பயம்தான். கால் சறுக்கினால்? மூச்சு முட்டினால்? இவருடைய பிரஷர் மாத்திரை தொலைந்துபோனால்? சார் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “பயமாத்தேன் இருக்கும் டீச்சர். அதையும் பையில போட்டுக்கிட்டு வாங்க. எடை ஒண்ணும் கூடாது” என்றார். பயப்படாதே என்று எனக்குச் சொல்லாத ஒரே மனிதர் அவர்.

பள்ளத்தாக்கின் கடைசி ஊர்களை நடந்தே கடந்தோம். மரமும் கல்லும் அடுக்கிக் கட்டிய வீடுகள், கூரையில் காயும் ஆப்ரிகாட் பழக் கொட்டைகள். சாருக்கு இந்தி சுத்தமாக வராது. ஒரு வீட்டு வாசலில் நின்றிருந்த பெண்ணிடம், “ஆத்தா, எம்புட்டு அழகா வீடு கட்டிருக்கீக!” என்று வாய் நிறையச் சொன்னார். அந்த அம்மாவுக்கு என்ன புரிந்ததோ, உள்ளே கூப்பிட்டு மோர் கொடுத்தார். பதிலுக்கு சார் கொடுத்தது வீட்டிலிருந்து கொண்டுவந்த இட்லிப் பொடி. அதை அவர்கள் எதில் தொட்டுத் தின்றார்களோ என்று வழியெல்லாம் நான்தான் கவலைப்பட்டேன்.

ஊர்கள் முடிந்ததும் ஏரிகள் தொடங்கின. ஒவ்வொரு ஏரியும் மலைமடியில் அசையாமல் கிடந்தது. மூன்றாவது ஏரிக்கரையில்தான் அது நடந்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, வழிகாட்டி கோவேறு கழுதைகளோடு முன்னே போனார். எங்கள் கூடாரம் ஒரு சிறு மேட்டுக்கு அப்பால். சாமுவேல், “முகம் கழுவிட்டு இந்தா வாரேன், நீங்க நடங்க” என்றார். மேடேறும்போதே மூடுபனி இறங்கிவிட்டது. முன்னால் போன சாரின் முதுகே எனக்குத் தெரியவில்லை. கூடாரத்துக்கு வந்து வெகுநேரம் ஆகியும் சாமுவேல் வரவில்லை. கூப்பிட்டுப் பார்த்தோம். பதிலே இல்லை.

வழிகாட்டி, வந்த பாதையிலேயே திரும்பிப் போய்த் தேடலாம் என்று கையைக் காட்டினார். சார் தலையை ஆட்டினார். “மேல ஏற மாட்டான் டீச்சர். நம்மூர்க்காரனுக்கு வழி தப்புனா தண்ணியத்தேன் பிடிப்பான். வாய்க்கா ஓரமா நடந்தா கண்மாய், கண்மாய்க்குக் கீழ ஊருன்னுதான அவனும் நானும் வளர்ந்தோம்? ஏரியில இருந்து கெளம்புற ஓடைய பிடிச்சுக் கீழ எறங்கிருப்பான்.” சொல்லிக்கொண்டு வந்தவர் சட்டென்று பேச்சை நிறுத்தினார்.

அவர் ஏன் நிறுத்தினார் என்று எனக்குத் தெரியும். பலகைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து எத்தனை முறை கேட்டிருக்கிறேன். தொங்கு பள்ளத்தாக்கு. பனியாறு செதுக்கிய மலையில், மேலிருந்து வரும் ஓடை ஊரைத் தேடிப் போகாது. அந்தரத்தில் முடிந்து அப்படியே அருவியாக விழும். அந்தப் பாடத்தை நடத்தியவர் என் முன்னால் நின்றார். என்னைப் பார்க்காமல், தொப்பிகூட எடுக்காமல், மேட்டைத் தாண்டி ஓடையை நோக்கி ஓடினார். வழிகாட்டி கயிற்றை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினார்.

நான் மட்டும் கழுதைகளோடு நின்றேன். ஜெபம் செய்யலாம் என்று கண்ணை மூடினால், தண்ணீர் விழும் சத்தம்தான் காதில் கேட்டது. அது உண்மையாகவே கேட்டதா, என் பயமா, இன்றுவரை தெரியாது. சாரின் மேல் கோபம் கோபமாக வந்தது. போர்டில் வரைந்தால் போதாதா இந்த மனிதருக்கு? எங்களை எதற்கு இங்கே இழுத்துவந்தார்? பிறகு அந்தக் கோபமும் போய், அவருக்கும் ஏதாவது ஆகிவிட்டால் அவர் மனைவிக்கு என்ன பதில் சொல்வேன் என்று நடுங்கினேன். சாமுவேலின் மாத்திரைப் பையை மார்போடு பிடித்துக்கொண்டு அங்குமிங்கும் நடந்தேன்.

பனிக்குள்ளிருந்து முதலில் வந்தது சாரின் குரல். “டீச்சர், டீயப் போடுங்க! மாப்ளைக்குக் குளுருதாம்!” இரண்டு பேரும் கைகோத்துக்கொண்டு வர, பின்னால் வழிகாட்டி கயிற்றோடு வந்தார். சாமுவேல் முழங்கால்வரை நனைந்திருந்தார். ஓடை ஓரமாகவே இறங்கி, அடுத்த பாறையில் கால் வைக்கப் போன நேரத்தில் “மாப்ள, நில்லுடா! அசையாத!” என்று பின்னாலிருந்து சத்தம் கேட்டதாம். நின்றாராம். அந்தப் பாறைக்கு அப்பால் தரை இல்லை. அதைப் பார்த்த பிறகு கால் பூட்டிக்கொண்டதால், சார் பக்கத்தில் உட்கார்ந்து எழுமலைக் கதைகளாகச் சொல்லி, நடுக்கம் தீர்ந்த பிறகுதான் கயிற்றைப் பிடித்து ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார்.

நான் நன்றி சொல்ல வாயெடுத்தேன். அவர் விடவில்லை. “நானா இருந்தாலும் அந்தப் பக்கந்தேன் டீச்சர் போயிருப்பேன். பயம் வந்துட்டா படிச்சதெல்லாம் மறந்துபோகும். பொறந்த ஊருதேன் ஞாபகம் வரும்.” அதற்கு மேல் அதைப் பற்றி அவர் எங்கேயும் பேசியதில்லை. உங்களில் பலருக்கு இந்தக் கதை புதிதாக இருக்கும்.

எழுமலையில்தான் சாரை எடுத்தார்கள். பெண்கள் மயானத்துக்குப் போவதில்லை என்பதால் நான் மற்ற ஆசிரியைகளோடு வேனில் திரும்பிவிட்டேன். சாமுவேல் அங்கேயே நின்றுகொண்டார். பொழுது சாய்ந்தது. விளக்கு வைத்தாயிற்று. அவரைக் காணோம், கைபேசி அணைந்து கிடந்தது. அவர் தாமதமாகும் நாட்களில் நான் யாருக்குப் போன் செய்வேன் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். “மாப்ள எங்கிட்டுப் போயிருப்பான்னு எனக்குத் தெரியும், நீங்க ஒலைய வைங்க” என்பார் சார். அன்று அழைக்க யாருமில்லாமல் வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்தேன். இனி இவர் வழி தப்பினால் யார் போய்த் தேடுவார்?

வாசல் கதவு திறந்தது. சாமுவேல், மயானத்துக் கிணற்றடியில் குளித்த தலை சரியாகக் காயாமல், வேட்டியெல்லாம் செம்மண்ணாக நின்றார். “சார்ஜ் தீந்துபோச்சு. அதுக்கு ஏன் இப்படி முழிக்கிற? காபி இருக்கா?” என்றார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு நாலு வார்த்தை நன்றாகத் திட்டினேன். பிறகு காபி போட்டுக் கொடுத்தேன். சர்க்கரை போதவில்லை என்று முனகிக்கொண்டே அவர் குடிப்பதைப் பார்த்தபடி எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். செல்லப்பாண்டி சார் எனக்கென்று விட்டுப்போனது இந்த மனிதரைத்தான்.