பிளாஸ்டர் ஒட்டிய எக்கோ

கெடா மாநிலத்து மெர்கோங்கில் ஒரு கல்யாண விருந்து. தட்டில் நெய்ச்சோறும் ஆட்டுக்கறியும் இருந்தன. முதல் வாய் எடுத்து வைப்பதற்குள் மேடையிலிருந்து என் கிட்டார் சத்தம் கேட்டது. நான் மேடையில் இல்லை, மண்டபத்தின் நடுவில் எட்டாம் நம்பர் மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். என் கிட்டார் வீட்டில் பீரோவின் மேல் கிடக்கிறது. ஆனாலும் சத்தம் என்னுடையதுதான். ஒரு நோட்டை மீட்டினால் மூன்று முறை திரும்பி வந்து, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மங்கி, கொஞ்சம் ஆடி அடங்குமே, அந்த எக்கோ.

"ஏங்க, அப்படியே நீங்க வாசிக்கிற மாதிரியே இருக்கு லா," என்றாள் மனைவி.

"சோத்தைத் தின்னு," என்றேன்.

வயிறு எரிந்தது. இதில் மறைக்க என்ன இருக்கிறது? வாசித்துக்கொண்டிருந்தவன் எங்கள் இசைக்குழுவில் எனக்குப் பதிலாக வந்த தம்பி. கோலா கெடாவில் மீன் படகுகளுக்கு ஐஸ் போடும் இடத்தில் வேலை. நாற்பது வயதுகூட இருக்காது, தலை நிறைய முடி வேறு. அவன் காலடியில் சோற்றுப் பொட்டலம் அளவுக்கு ஒரு மல்டி எஃபெக்ட்ஸ் பெட்டி. அதற்குள் எக்கோ, மண்டப முழக்கம், கரகரப்பு எல்லாம் அடக்கம். காலால் ஒரு மிதி மிதித்தால் போதும்.

நான் பட்ட பாடு அப்படியா? என்னுடையது டேப் எக்கோ மெஷின். ஒரு முழம் டேப் வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். ஒரு காந்தத் தலை நோட்டைப் பதிவு செய்யும், அடுத்தடுத்த மூன்று தலைகள் அதைத் திருப்பிச் சொல்லும். டேப் ஒருநாள் அறுந்தது. மாற்று டேப் கெடா முழுக்கத் தேடியும் கிடைக்கவில்லை. அறுந்த இடத்தை, நான் வேலை பார்க்கும் கையுறைத் தொழிற்சாலையின் முதலுதவிப் பெட்டியிலிருந்து விரல் பிளாஸ்டர் எடுத்து ஒட்டினேன். நான்கே நாளுக்கு என்று ஒட்டியது. இருபது வருஷம் ஓடியது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் மோட்டார் கருகிப்போய் மெஷின் செத்தது. "சும்மா கொஞ்ச நாளைக்குத் தம்பி வாசிக்கட்டும் ணே," என்றார் குழுத் தலைவர். அந்தக் கொஞ்ச நாள் இன்னும் முடியவில்லை.

விருந்து முடிந்த வாரம் தலைவரே போன் செய்தார். பாடாங் மேஹா பக்கம் நான் பிறந்த செம்பனைத் தோட்டத்து ஆட்களெல்லாம் ஒன்றுகூடும் பகல் விருந்து. நம் குழுதான் வாசிக்கிறது. பழைய பாட்டுகள் மட்டும்.

"என் தோட்டம். நான்தான் வாசிப்பேன்," என்றேன்.

"அந்த எக்கோ இல்லாம அங்க போக முடியாது ணே. ஞாயித்துக்கிழமை நீங்களும் தம்பியும் ஒத்திகைக்கு வாங்க. யாருக்கு அது வருதோ அவங்க வாசிக்கட்டும்."

என் எக்கோவுக்கு எனக்கே பரீட்சை! எனக்கு வந்த கோபத்தில் தம்பியிடம் இருக்கும் அதே பெட்டியை மறுநாளே வாங்கினேன். நான்கு நாள் லீவு போட்டு அதோடு மல்லுக்கட்டினேன். மூன்று தலை வைத்தேன். டேப் ஆடுவதுபோல் ஆட்டம் வைத்தேன். மங்கலாக்கினேன், கரகரப்புச் சேர்த்தேன். எல்லாம் பளபளவென்று, புதுத் தட்டில் சோறு வைத்த மாதிரி வந்தது. ஞாயிற்றுக்கிழமை சுங்கை பட்டாணியில் தலைவர் வீட்டுப் போர்டிக்கோவில் வாசித்துக் காட்டினேன்.

"நல்லாதான் இருக்கு. ஆனா அது இல்லையே ணே," என்றார். "அடுத்த வாரம் இன்னொரு தடவ பாப்போம்."

அடுத்துத் தம்பி வாசித்தான். அது இருந்தது. பாவி, அப்படியே இருந்தது.

அவன் தேத்தண்ணி குடிக்க உள்ளே போனதும், செருப்பு வாரைச் சரிசெய்வதுபோல் குனிந்து அவன் பெட்டியின் திரையைப் போனில் நாலு படம் எடுத்தேன். ஐம்பத்தெட்டு வயதில் திருட்டு. வெட்கம் வரவில்லை. வீட்டுக்கு வந்து அந்த எண்களை ஒன்றுவிடாமல் என் பெட்டியில் போட்டேன். வாசித்தேன். வரவில்லை. ஒரு எண்ணை விட்டுவிட்டேனோ என்று படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான், திரையின் மேல் ஓரத்தில் அவன் அந்தச் சத்தத்துக்கு வைத்திருந்த பெயர் கண்ணில் பட்டது. 'பாடாங் மேஹா அண்ணே.'

உடனே அவனுக்குப் போன் அடித்தேன்.

"பெட்டியில எதுக்குடா என்னை எழுதி வச்சிருக்க?"

"பாத்துட்டீங்களா ணே?" என்று சிரித்தான். "உங்க சவுண்டுதானே அது. எங்க மாமா கல்யாண வீடியோவுல நீங்க வாசிச்சிருக்கீங்க. அதைப் போட்டுப் போட்டுக் கேட்டு மூணு மாசம் உக்காந்து செஞ்சேன்."

"அதே நம்பரைப் போட்டும் எனக்கு வரலையே." வாய் தவறி வந்துவிட்டது.

"நீங்க இப்போ நிக்க மாட்டேங்கிறீங்க ணே. அப்போல்லாம் ஒவ்வொரு வரி முடிஞ்சதும் கைய எடுத்துட்டு ஒரு மூச்சு நிப்பீங்க. எக்கோ மட்டும் தனியா போகும். அந்த ஸ்டைல் வேற யாருக்கும் வராது."

ஸ்டைலாம்! டேப்பில் பிளாஸ்டர் ஒட்டிய இடம் தலையைத் தாண்டும்போது வாசித்தால் நோட்டு விக்கி விழும். அது சுற்றி வருவதை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே, வந்ததும் பயந்துபோய்க் கையை எடுத்துவிடுவேன். புதுப் பெட்டியில் பிளாஸ்டர் இல்லை, என் கை நிற்காமல் ஓடியிருக்கிறது. என் பயத்தை இவன் மூன்று மாதம் உட்கார்ந்து படித்திருக்கிறான்.

"ஆமா ஆமா, அது ஒரு ஸ்டைல்தான்," என்றேன். பிளாஸ்டர் சங்கதியைச் சொல்லவில்லை. அதையாவது நானே வைத்துக்கொள்கிறேனே.

அடுத்த ஞாயிறு, நின்று நின்று வாசித்தேன். வந்துவிட்டது. எனக்கே உடம்பு சிலிர்த்தது. தலைவர் இரண்டு பேரையும் கேட்டுவிட்டுத் தாடையைச் சொறிந்தார்.

"சவுண்டு ரெண்டும் ஒன்னுதான் ணே. ஆனா நிக்கிறப்போ உங்க மூஞ்சி இறுகிப்போகுது, என்னமோ விழப்போற மாதிரி. தம்பி சிரிச்சுக்கிட்டே நிக்கிறான். அவனே வாசிக்கட்டும். நீங்க தோட்டத்து ஆளு, முன்னால உக்காந்து சாப்பிடுங்க."

விருந்துக்கு வரமாட்டேன் என்றுதான் சொன்னேன். மனைவி சட்டையை இஸ்திரி போட்டு வைத்துவிட்டாள். செம்பனை மரங்களுக்கு நடுவே கூடாரம், உச்சி வெயில், முன்வரிசை மேசையில் எனக்கு ஒரு நாற்காலி. பாட்டு தொடங்குமுன் கிட்டார் மட்டும் தனியாக வரும் இடம். தம்பி முதல் வரியை வாசித்தான். கையை எடுத்தான். எக்கோ மட்டும் தனியாகப் போனது.

கூடாரத்தில் தலைகள் திரும்பின. ரசம் ஊற்றிக்கொண்டிருந்தவர் வாளியோடு நின்றுவிட்டார். யாரும் மேடையைப் பார்க்கவில்லை. கூட்டத்துக்குள் என்னைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

"ஏங்க, எல்லாரும் உங்களத்தான் பாக்குறாங்க," என்றாள் மனைவி. "கைய எதுக்கு அப்படி வச்சிருக்கீங்க?"

என் வலது கை மேசைக்கு மேல் தூக்கியபடி நின்றிருந்தது. பிளாஸ்டர் தாண்டட்டும் என்று.

பாட்டு முடிந்ததும் தம்பி கிட்டாரைக்கூடக் கழற்றாமல் மேடையிலிருந்து இறங்கி நேரே என்னிடம் வந்தான். வேர்த்திருந்தான்.

"எப்படி ணே இருந்துச்சு?"

"சுமார்," என்றேன். வயிறு இன்னும் எரிந்துகொண்டுதான் இருந்தது. தட்டை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

அவன் என் தட்டைப் பார்த்தான். சோறு வைத்தது வைத்தபடி ஆறிப்போயிருந்தது.

"நீங்க இன்னும் பசியாறலையா ணே?" என்றான்.