டிஸ்க் கம்பெனியும் மச்சான் சண்டையும்

டிரைவிங் ஸ்கூல் நடத்திய அவரை எல்லோரும் 'பிரேக்' என்றுதான் அழைத்தார்கள். முன்னால் போகும் வண்டி எங்கேயோ இருக்கும்போதே "பிரேக்! பிரேக்!" என்று பக்கத்து சீட்டிலிருந்து கத்துவார். அவரிடம் படித்தவர்கள் ஒழுங்காக வண்டி ஓட்டினார்கள். ஆனால் தெருவில் அவரைக் கண்டால் எதிர்ப்பக்கம் ஒதுங்கிப் போனார்கள். வாய் அப்படி. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சொந்தம் என்று இருந்தது ஒரே தங்கைதான். அவளும் அவள் கணவரும் அடுத்த தெருவில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தார்கள்.

இவர்கள் மூவரும், ஒரு மருந்துக்கடைக்காரர், ஒரு பல் டாக்டரம்மா என ஐந்து பேர் சேர்ந்து பணம் போட்டு ஷேர் வாங்கி வந்தார்கள். ஞாயிறு காலையில் டிரைவிங் ஸ்கூல் வகுப்பறையில் கூட்டம். சுவர் முழுக்கப் போக்குவரத்துச் சின்னங்கள். உட்கார்ந்தால் முட்டி இடிக்கும் மாணவர் பெஞ்சுகள்.

வாங்கியதிலேயே பெரிய பங்கு, கம்ப்யூட்டருக்கு ஹார்ட் டிஸ்க் செய்யும் ஒரு கம்பெனியுடையது. ஸ்டுடியோக்காரர் பிடித்த பிடியில் வாங்கியது. அதை விற்கலாமா, வைத்திருக்கலாமா என்று அன்று பேச்சு எழுந்தது.

"உலகம் பூரா போட்டோ எடுத்துத் தள்ளுது, மச்சான். எவனும் எதையும் அழிக்கிறதில்ல. அதையெல்லாம் எங்க வைப்பாங்க? டிஸ்க்லதான!" என்றார் ஸ்டுடியோக்காரர்.

"வைப்பாங்க. ஆனா கடைக்கு வந்து டிஸ்க் வாங்குறது யாரு? இன்டர்நெட்டுல இடத்த வாடகைக்கு எடுத்துட்டுப் போறாங்க. நாலஞ்சு பெரிய கம்பெனிங்கதான் இப்ப மொத்தமா வாங்குது. அவனுங்க சொல்றதுதான் விலை. ஒருத்தன் கைய விரிச்சா இது படுத்துடும்," என்றார் பிரேக்.

"அவங்க வாங்குறது போதாதா? குடோன் குடோனா வாங்குறான்."

"உங்களுக்குக் கேமராவத் தவிர என்ன தெரியும்?"

பல் டாக்டரம்மா குறுக்கே புகுந்து, விஷயத்தை மட்டும் பேசலாமே என்றார். யார் காதிலும் ஏறவில்லை.

"உங்களுக்கு மட்டும் என்ன தெரியுமாம்? போற வண்டிய நிறுத்தத்தான் தெரியும்," என்றார் ஸ்டுடியோக்காரர். மருந்துக்கடைக்காரர் சிரித்துவிட்டார். பிரேக்கின் முகம் சுண்டிப்போனது.

கடைசியில் கையைத் தூக்கச் சொன்னார்கள். விற்கலாம் என்று பிரேக்கும் மருந்துக்கடைக்காரரும் தூக்கினார்கள். வேண்டாம் என்று ஸ்டுடியோக்காரரும் டாக்டரம்மாவும். மிச்சம் தங்கை. அவள் கணவரைப் பார்க்காமல் சொன்னாள்: "நம்ம கடையிலயே இப்ப யாரும் டிஸ்க்ல போட்டுக் குடுங்கன்னு கேக்குறதில்லைங்க. வித்துடலாம்."

ஸ்டுடியோக்காரர் எழுந்து வெளியே போனார். செருப்பைக்கூட மாட்டவில்லை, கையில் எடுத்துக்கொண்டு போனார்.

பங்கை விற்றார்கள். ஸ்டுடியோக்காரர் தன் பாகத்தைப் பிரித்து வாங்கி, அதே கம்பெனியில் தனியாகப் போட்டார். விற்ற மறுமாதமே விலை ஏற ஆரம்பித்தது. பெரிய கம்பெனிகள் போட்டி போட்டுக்கொண்டு டிஸ்க் வாங்கின. ஸ்டுடியோக்காரர் தினமும் டிரைவிங் ஸ்கூலுக்குப் போன் செய்து, ஹலோகூடச் சொல்லாமல், அன்றைய விலையை மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிடுவார். பிரேக் பல்லைக் கடித்துக்கொண்டு மாணவர்கள்மேல் எரிந்து விழுந்தார். இரண்டு பேர் பாதியிலேயே நின்றுவிட்டார்கள். கூடவே கை தூக்கிய மருந்துக்கடைக்காரரும், லாபம் போச்சே என்று பிரேக்கைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் அத்தோடு நின்றுபோனது.

பிறகு ஒருநாள், டிஸ்க் கம்பெனியிடம் அதிகம் வாங்கிக்கொண்டிருந்த ஒரு பெரிய நிறுவனம் ஆர்டரை நிறுத்தியது. பங்கு விலை ஒரே வாரத்தில் தரைக்கு வந்தது.

பிரேக் வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு ஸ்டுடியோவுக்கு நடந்தார். உள்ளே பாஸ்போர்ட் போட்டோவுக்காக ஒருவர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். ஸ்டுடியோக்காரர் விளக்கைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

"என்ன மாப்பிள்ள, இன்னைக்குப் போனையே காணோம்? விலை சொல்ல வாய் வரலையா?"

அவர் விளக்கையே திருப்பிக்கொண்டிருந்தார்.

"படிச்சுப் படிச்சுச் சொன்னேன்ல? உன் பொண்டாட்டிக்கு இருக்கிற மூளையில கால்வாசி உனக்கு இருந்திருந்தா..."

பாஸ்போர்ட்காரர் தலையைக் குனிந்துகொண்டார். ஸ்டுடியோக்காரரின் கை விளக்குக் கம்பியிலேயே நின்றது. கல்லாவிலிருந்து தங்கை எழுந்து வந்தாள்.

"அண்ணா, நீ சொன்னது சரிதான். நானும் அதத்தான் சொன்னேன். சொல்லிட்டு இந்த வீட்டுல இத்தனை மாசம் நான் பட்டது எனக்குத்தான் தெரியும். இப்பதான் மனுஷன் என்கிட்ட முகம் குடுத்துப் பேசுறாரு. அது பொறுக்கலையா உனக்கு?"

"நான் உனக்காகத்தாம்மா..."

"எனக்காக இல்ல. ஜெயிச்சத ஊருக்குக் காட்ட வந்திருக்க. போயிடு. இனி இந்தக் கடைப் படி ஏறாத."

பிரேக் போய்விட்டார். ஒரு வாரத்தில் தானாகச் சரியாகிவிடும் என்று நினைத்தார். மன்னிப்புக் கேட்க என்ன இருக்கிறது, கணக்கு தன் பக்கம்தானே என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னார். தங்கை போனை எடுக்கவில்லை.

சில மாதம் கழித்து, ஒரு மாணவரை ஓட்டவிட்டுப் பக்கத்து சீட்டில் பிரேக் இருக்க, வண்டி சிக்னலில் நின்றபோது, பக்கத்தில் போட்டிக்காரன் டிரைவிங் ஸ்கூலின் கார் வந்து நின்றது. ஓட்டுநர் சீட்டில், இப்போதுதான் பதினெட்டு முடிந்த தங்கை மகள். மாமாவைப் பார்த்தாள். கண்ணாடியை ஏற்றிவிட்டு, பச்சை விழுந்ததும் உலுக்கலே இல்லாமல் வண்டியை எடுத்தாள்.

"யாரோ நல்லாத்தான் சொல்லிக்குடுத்திருக்கான்," என்றார் அவர். ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்த மாணவர் எதுவும் விளங்காமல் வண்டியை எடுக்காமலே இருந்தார். பின்னால் ஹாரன்கள் அலறின.