கை காயும் வரை

ஹபிபுல்லாவின் மதியச் சாப்பாடு ஒரு சின்ன எவர்சில்வர் கிண்ணம். கைக்குழந்தைக்குப் பருப்பு சாதம் பிசைவார்களே, அந்த அளவு. அதைச் சாப்பிட்டு முடிக்க அவருக்கு அரை மணி நேரம் ஆகும். ஒரு வாய் வைத்தால் இருபத்தைந்து தடவை மெல்ல வேண்டும். விழுங்கிய பிறகு கொஞ்சம் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். நடுவில் தண்ணீர் குடிக்கக் கூடாது. அவசரப்பட்டால் நெஞ்சுக்குள் கல் விழுந்தது போல அடைக்கும். பிறகு நுரை நுரையாக வெளியே வந்துவிடும்.

பூந்தமல்லி டிரங்க் ரோட்டில் அவருக்கு டூவீலர் சீட் கவர் கடை. வயது ஐம்பத்து மூன்று. போன வருடம் இதே நாளில் நூற்று நாற்பத்தொரு கிலோ இருந்தார். தையல் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவில் அவர் உட்கார்ந்துவிட்டால் கடைக்குள் காற்றுகூட நுழையாது என்று பக்கத்துக் கடைக்காரர்கள் சொல்வார்கள். அவரும் சிரிப்பார். பள்ளிவாசலில் பின் வரிசையில் அவருக்கென்று ஒரு நாற்காலி இருந்தது. படுத்தால் மூச்சு நின்று நின்று வரும். மனைவி குல்ஷன் பக்கத்தில் விழித்துக் கிடந்து, மூச்சு நிற்கும்போதெல்லாம் தோளைப் பிடித்து உலுக்குவாள். பதினோரு வருடம் அவள் முழுத் தூக்கம் தூங்கியதில்லை.

ஷார்ஜாவில் வேலை பார்க்கும் மகன் ஃபயாஸ்தான் அந்த ஆபரேஷனைப் பற்றிச் சொன்னான். இரைப்பையில் முக்கால்வாசியை வெட்டி எடுத்துவிடுவார்கள். மிச்சம் ஒரு வாழைப்பழம் அளவுக்கு இருக்கும்.

“சென்னையில இல்லாத ஆஸ்பத்திரியா? இங்கயே பண்ணிக்கங்களேன்,” என்றாள் குல்ஷன்.

“இங்க பண்ணா ஊரே ஹார்லிக்ஸ் பாட்டில தூக்கினு வந்து நிக்கும். இன்னா பாய், எதுக்கு படுத்துக்கினு கீறேன்னு கேப்பான். இன்னான்னு சொல்றது? துன்னு துன்னு வயித்த வெட்டிக்கினேன்னா?”

மருமகள் தஸ்லீமுக்கு அது நிறைமாதம். பேரனைப் பார்க்கப் போகிறோம் என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டு இருவரும் கிளம்பினார்கள். முழுப் பொய் இல்லை. பேரன் பிறந்தான். எட்டாம் நாள் தாத்தாவின் வயிற்றில் ஐந்து ஓட்டை போட்டார்கள். ஒரே வீட்டில் இரண்டு பேர் பாலும் தண்ணீருமாக இருந்தார்கள். தாத்தாவுக்கு அளவு, மருந்து ஊற்றும் சின்ன மூடி. “இவன் உங்கள விட ஜாஸ்தி குடிக்கிறான்,” என்று குல்ஷன் பேரனைக் காட்டிச் சிரித்தாள்.

ஆறு வாரம் கழித்து ஹபிபுல்லா மட்டும் திரும்பினார். கடையை எத்தனை நாள் பூட்டி வைப்பது? பச்சை உடம்புக்காரியை விட்டு எப்படி வருவது என்று குல்ஷன் அங்கேயே நின்றாள். பிறகு தஸ்லீம் வேலைக்குத் திரும்பினாள்; குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது. விசாவை நீட்டி நீட்டி எட்டு மாதம் ஆகிவிட்டது. தினமும் வீடியோவில் வருவாள். முட்டை சாப்பிட்டீர்களா, மாத்திரை போட்டீர்களா என்று கேட்பாள். ஆனால் அவர் சாப்பிட உட்காரும் நேரம் அங்கே பேரனைக் குளிப்பாட்டுகிற நேரம். அந்த அரை மணிக்கு அவருக்குத் துணை சுவரில் இருக்கும் கடிகாரம் மட்டும்தான்.

உடம்பு மாதத்துக்கு ஒரு சட்டை அளவு குறைந்தது. பேன்ட்டுகளைக் கடை மெஷினிலேயே பிடித்துப் பார்த்தார். ரெக்ஸின் தைக்கிற ஊசி துணியை ஓட்டை ஓட்டையாக்கிவிட்டது. மோதிரம் கை கழுவும்போது கழன்று விழுந்தது. நாலாம் மாதம் சீப்போடு முடி வந்தது. சித்திரை வெயிலில்கூடக் குளிர்ந்தது. தரையில் உட்கார்ந்தால், இத்தனை வருடம் இருப்பதே தெரியாத ஒரு எலும்பு குத்தியது.

“இன்னா பாய், இப்புடி இளச்சிட்ட? சுகரா?”

“ஆமா, சுகர்தான்,” என்பார். முதல் ஆளிடம் அப்படிச் சொன்னதால் எல்லோரிடமும் சொல்ல வேண்டியதாயிற்று. கன்னம் ஒட்டி, கழுத்துத் தோல் தொங்கத் தொடங்கியதும் கேட்பதையும் நிறுத்திவிட்டார்கள். அவரிடம் எல்லோரும் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். பள்ளிவாசலில் ஒருவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, “அல்லாஹ் லேசாக்குவான்,” என்றார். எதை லேசாக்குவான் என்று அவர் கேட்கவில்லை. இத்தனைக்கும் அவர் அன்று நாற்காலி இல்லாமல் நின்று, குனிந்து, நெற்றி தரையில் பட்டுத் தொழுதிருந்தார். பதினைந்து வருடத்தில் முதல் தடவை. அதை யாரும் கவனிக்கவில்லை.

அக்கா மகள் சைமாவின் கல்யாணம் வந்தது. அவர்கள் குடும்பத்தில் விருந்து என்றால் சஹன்தான். பெரிய தாம்பாளத்தில் சோறும் கறியும் வைத்து, நாலு பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிடுவார்கள். ஒருவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மற்றவர் எழுந்திருக்க மாட்டார்கள். முன்பெல்லாம் ஹபிபுல்லா உட்காரும் சஹன் என்றால் இளவட்டங்கள் ஓடும். “மாமு சஹன்ல எலும்புதான்டா மிஞ்சும்!” இந்தத் தடவை அவரைக் கையைப் பிடித்து இழுத்தார்கள். அவர் பங்குக் கறி தங்களுக்கு என்ற கணக்கு. அதையும் அவர் ரசித்தார்.

பத்து நிமிடத்தில் மூன்று பேரும் முடித்துவிட்டார்கள். அவர் மூன்றாவது வாயில் இருந்தார். அடுத்த பந்திக்கு ஆட்கள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார்கள். “நீங்க சாப்புடுங்க மாமு, நாங்க கீறோம்,” என்று சொல்லிவிட்டுப் பையன்கள் செல்போனைப் பார்த்தார்கள். ஆறு கண்களும் அவர் வாயைப் பார்க்காமல் இருக்கப் படாதபாடு பட்டன. அவர் அவசரமாக இரண்டு வாய் போட்டார். நெஞ்சில் கல் விழுந்தது. கை கழுவும் இடத்தில் குனிந்து நின்றபோது பின்னால் ஒரு பெண் மெதுவாகச் சொன்னது கேட்டது: “பாவம், எதுவும் உள்ள தங்கலயாம்.”

அதற்குப் பிறகு அவர் எந்த விருந்துக்கும் போகவில்லை. சோறு வேண்டும் என்ற ஆசை அவருக்கு இல்லை. அது எங்கேயோ போய்விட்டது. தான் முடிக்கிற வரைக்கும் எதிரில் ஒரு ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும், தன்னைப் பார்த்துப் பரிதாபப்படாமல். அவ்வளவுதான் வேண்டியிருந்தது. அப்படி ஒரே ஒரு ஆள்தான் அவருக்கு இருந்தான்.

ஹேமநாதன். திருவேற்காட்டுக்காரன். நிலமாக இருந்தது பிளாட்டாகிப் போக, அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறை வைத்தவன். முப்பது வருடத்துக்கு முன் புல்லட்டுக்கு சீட் தைக்க வந்து, சீட்டில் பசை காய்கிற நேரத்தில் ஹபிபுல்லாவோடு போய்ப் பாயா சாப்பிட்டு வந்தான். அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மதியம் தவறியதில்லை. அவனும் சாமானிய உடம்பில்லை. இருவரும் உட்கார்ந்தால் மெஸ்ஸில் பெஞ்சு மாற்றிப் போடுவார்கள்.

அவனிடம்தான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். அவனிடம்தான் சொல்ல முடியவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் ஆவடியில் தெரிந்த ஒருவர் இதே ஆபரேஷன் செய்துகொண்டார். அன்றைக்குப் பிரியாணியின் நடுவில் ஹேமநாதன் சொன்னான்: “வாயக் கட்ட தெரியாதவன் வயித்த வெட்டிக்கினான், பாத்தியா பாய்?” ஹபிபுல்லா புரையேறுகிற அளவுக்குச் சிரித்தார்.

திரும்பி வந்த மறு ஞாயிறு ஹேமநாதன் கடைக்கு வந்தான். படியிலேயே நின்று மேலும் கீழும் பார்த்தான். “இன்னா பாய் இது?” என்றான். “சுகர்டா மாமே.” அவன் ஒரு டீ குடித்துவிட்டுப் போனான். அதன் பிறகு வரவில்லை. போன் செய்தால் எடுப்பான். “பட்டறைல வேலை பாய். அப்பறமா வரேன். நீ நல்லாக்கீறல்ல?” வைத்துவிடுவான். மெலிந்தவனோடு அவனுக்கு என்ன வேலை, சோற்றுச் சிநேகம் சோற்றோடு போயிற்று என்று ஹபிபுல்லா தனக்குள் சொல்லிக்கொண்டார். சொல்லச் சொல்லக் கசந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிண்ணத்தில் நாலு வாய் மிச்சம் இருக்கும்போது எழுந்தார். மூடி போட்டுப் பையில் வைத்துக்கொண்டு திருவேற்காடு ஷேர் ஆட்டோ ஏறினார். டிரைவர் வேம்புலி வருடக்கணக்காகப் பழக்கம். “பாய் ஏறினா ரெண்டு ஆளுப்பா, தள்ளி குந்து!” என்று கத்துவான். இன்று அவரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், “நவுந்து குந்து பெரியவரே, இன்னொரு ஆளு வரும்,” என்றான்.

கதவைத் திறந்த ரேவதி, ஹேமநாதனின் மனைவி, வாசலிலேயே கண் கலங்கிவிட்டாள்.

“அண்ணா, நீ எதுக்கு அலையிற இந்த வெயில்ல? போன் பண்ணா இவரு வரமாட்டாரா?”

“வரலியேம்மா. எட்டு மாசமா வரல.”

“எப்புடி வருவாரு? உன்ன பாத்துட்டு வந்த அன்னிக்கு ஊட்டுல ஒரே அழுவ. நேரா கருமாரியம்மன் கோயிலுக்குப் போனாரு. பாய்க்கு நல்லாவுற வரைக்கும் கறி தொட மாட்டேன்னு வேண்டிக்கினாரு. முட்டகூட இல்ல. எங்களையும் ஆக்க வுடமாட்றாரு. உன்னாண்ட வந்தா நீ துன்னுன்னுவ, உன் மூஞ்ச பாத்து இல்லன்னு சொல்ல முடியாதுன்னு பட்டறையே கதின்னு கீறாரு.”

ஹபிபுல்லா நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார். உள்ளேயிருந்து ஹேமநாதன் துண்டோடு வந்தான். அவனும் இளைத்திருந்தான். எட்டு மாத ரசம், தயிர்.

“பாய்,” என்றான். பிறகு, எவ்வளவு நாளாக வைத்திருந்தானோ, ஒரே மூச்சில் கேட்டான். “கட்டி எந்த எடத்துலன்னு சொன்னான் டாக்டர்? எத்தினி நாளு உனுக்கு? மறைக்காத சொல்லு.”

“எனக்கு ஒண்ணும் இல்லடா.”

“பொய் சொல்லாத.”

“ரெண்டு முட்டி நல்லாக்கீது. மூச்சு நல்லாக்கீது. குனிஞ்சி தொழுறேன். நான்... வயித்த வெட்டிக்கினேன் மாமே. ஷார்ஜாவுல. ஆவடிக்காரன் பண்ணான் பாரு, அதே ஆபரேஷன்.”

ரேவதி அடுப்படிக்குள் போய்விட்டாள்.

“அம்மனாண்ட,” என்றான் ஹேமநாதன் மெதுவாக. “செவ்வாக்கெயம செவ்வாக்கெயம போய் நின்னேன். ஊரே கறி கொழம்பு வாசனையில கீது, நான் மூக்க மூடிக்கினு போறேன். ஒரு வார்த்த சொல்றதுக்கு உனுக்கு இன்னா கேடு?”

“நீ சிரிப்பியேன்னு...”

“சிரிப்பேன்டா! நல்லா சிரிப்பேன்! சிரிச்சா இன்னா, செத்தா பூடுவ?” சட்டையை மாட்டினான். பட்டன் மாறிப் போயிற்று. “முப்பது வருஷம் ஒரே பெஞ்சில குந்தி துன்னோம். நான் இங்க உனுக்கு சாவு தேதி எண்ணிகினு கீறேன்.” வெளியே போனான். புல்லட் சத்தம் தெருக்கோடி வரை கேட்டது.

ரேவதி மோர் கொண்டு வந்தாள். ஹபிபுல்லா நாலு மிடறு குடித்தார். அதற்கு மேல் இறங்கவில்லை.

அடுத்த ஞாயிறு அவன் வரவில்லை. ஹபிபுல்லா வீடியோவில் குல்ஷனிடம் எல்லாவற்றையும் சொன்னார். “நல்லா கேட்டாரு,” என்றாள் அவள். “எனக்குன்னு யாராவது இப்படிக் கறிய வுடுவாங்களா?” பிறகு குழந்தை அழுதது, போய்விட்டாள். பக்கத்துக் கடைக்காரர் கேட்டபோது ஹபிபுல்லா சுகர் என்று சொல்லாமல் உண்மையைச் சொன்னார். கடைக்காரர் வாயைப் பிளந்தார். மாலைக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. நாலு பேர் சிரித்தார்கள். தாழ்ந்த குரலில் பேசுவது அன்றோடு நின்றது.

அதற்கடுத்த ஞாயிறு, ஒரு மணிக்கு, மாடி வீட்டில் அவர் கிண்ணத்தை எடுத்து வைத்தபோது கீழே புல்லட் நின்றது. ஹேமநாதன் நெற்றியில் குங்குமத்தோடு, கையில் பிரியாணிப் பொட்டலத்தோடு ஏறி வந்தான். அவரைப் பார்க்காமல் தரையில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தான்.

“கோயிலுக்குப் போய் தேங்கா ஒடச்சிட்டு வந்தேன். பாய்க்கு நல்லாயிடுச்சி தாயேன்னு சொன்னேன். நீ பண்ண பிராடையும் சேத்து சொல்லிட்டேன். இனிமே நீயாச்சு அவளாச்சு.”

எட்டு மாதப் பசி. எலும்பை உறிஞ்சுகிற சத்தம் மட்டும். ஒரு மெல்லிய துண்டைப் பிய்த்து, கேட்காமலேயே ஹபிபுல்லாவின் கிண்ணத்தில் போட்டான். அவர் அதை வாயில் வைத்து மெல்லத் தொடங்கினார்.

பத்து நிமிடத்தில் ஹேமநாதன் முடித்துவிட்டான். ஹபிபுல்லா கிண்ணத்தில் முக்கால்வாசி அப்படியே இருந்தது.

“எழுந்து கை கழுவு மாமே. எனக்கு லேட்டாவும்.”

“எவ்ளோ லேட்டாவும்?”

“இன்னும் இருவது நிமிசம்.”

“துன்னு.”

அவன் சுவரில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டான். வலது கையை முட்டி மேல் வைத்துக்கொண்டான். பட்டறையில் புதிதாகச் சேர்ந்தவனைத் திட்டினான். ஆவடிக்காரனையும் திட்டினான். மசாலா விரல்களில் காய்ந்து வெடித்தது.

ஹபிபுல்லா வேகமாக மெல்லுவதைப் பார்த்துவிட்டான்.

“தோ, அவசரப்பட்டு வாந்தி எடுத்து வெக்காத. இன்னும் எத்தினி வாய் கீது?”

“அஞ்சு.”

“மெதுவா துன்னு,” என்றான் ஹேமநாதன். காய்ந்த சோற்றுப் பருக்கை ஒன்றைக் கட்டைவிரலால் சுரண்டத் தொடங்கினான்.